கல்லாவுக்கு வருகிறவனும் கட்டிலருகே நிற்கிறவனும்

இரவு பதினொன்றரை இருக்கும். விழுப்புரம் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். டீசல் போட்ட பையனுக்கு இருபத்திரண்டு வயது சொல்லலாம். நான் கொடுத்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்து, தோளில் குறுக்காக மாட்டியிருந்த பையில் போட்டுக்கொண்டான். அடுத்த லாரி வந்து நிற்பதற்குள் ஓட்டமும் நடையுமாகக் கண்ணாடி அறைக்குள் போய், தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்த இரும்புப் பெட்டியின் பிளவில் பையிலிருந்த தாள்களைச் செருகிவிட்டு வந்தான். எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டேன்.

"பையில ரெண்டாயிரத்துக்கு மேல வச்சுக்கக் கூடாதுண்ணே. பெட்டிச் சாவி மேனேஜர்கிட்ட. நானே நெனச்சாலும் எடுக்க முடியாது."

பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஸ்கெட்ச் பேனாவில், பெரிய எழுத்தில், 'சாவி இங்கு இல்லை'. கோயில் உண்டியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெட்டி புதிதல்ல. காகிதம்தான் புதிது. டீசல் போட வரும் என்னைப் போன்றவனுக்காக அதை எழுதவில்லை. இன்னும் வந்து சேராத, ஒருவேளை வராமலே போய்விடக்கூடிய ஒருவனுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த கடிதம் அது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு அப்பாவுக்காக ஓர் அரசு மருத்துவமனையில் ஒன்பது இரவுகள் கழித்திருந்தேன். அவர் படுத்திருந்த வார்டுக்கு நேர் எதிரே அவசர சிகிச்சைப் பிரிவு. ஊரார் வாயில் கேஷுவால்டி. அங்கேயும் இன்னும் வராத ஒருவனுக்காக ஆயத்தம் நடப்பதைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கிய ஒரு ஸ்டாஃப் நர்ஸ். விபத்தில் சிக்கி வந்தவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும், உறவினர்களை உள்ளே கூப்பிடுவதற்கு முன், டிரெஸ்ஸிங் ட்ரேயில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். காலியாக நின்ற குளுக்கோஸ் ஸ்டாண்டைக் காலால் சுவர் மூலைக்குத் தள்ளினார். பிறகு முந்திய மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இதையெல்லாம் செய் என்று எந்தச் சுவரிலும் காகிதம் ஒட்டியிருக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது அந்த நெடுஞ்சாலை இரவில்தான். இரண்டும் வேலை பார்க்கும் இடத்தில் அடிபடாமல் வீடு திரும்புவதற்கான ஏற்பாடுகள். ஆனால் இரண்டும் ஒரே ஆளை எதிர்பார்த்துச் செய்தவை அல்ல. ஆள் வேறு என்பதைக் கவனிக்காமல், கல்லாவுக்குச் சொன்ன வைத்தியத்தைக் கட்டிலுக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

கலிபோர்னியா மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1990களின் நடுவில் பணியிட வன்முறையை வகை பிரிக்கத் தொடங்கியது. பிறகு அது நான்கு வகையாக நிலைபெற்றது. அந்த இடத்தோடு எந்த உறவும் இல்லாமல் கொள்ளையடிக்க மட்டும் வருகிறவன் முதல் வகை. அங்கே சேவை பெற வந்தவரோ அவரைச் சேர்ந்தவரோ கை ஓங்குவது இரண்டாம் வகை. உடன் வேலை பார்ப்பவன் மூன்றாவது. வீட்டுப் பகையோ ஒருதலைக் காதலோ வேலையிடம் வரை துரத்திக்கொண்டு வருவது நான்காவது. இந்தப் பேச்சை எடுத்தாலே பலருக்கும் அமெரிக்க அலுவலகத் துப்பாக்கிச் சூடுகள்தான் நினைவுக்கு வரும். 1986 ஆகஸ்ட் 20 அன்று ஒக்லஹோமாவின் எட்மண்ட் ஊர் அஞ்சலகத்தில் ஊழியர் ஒருவர் 14 சக ஊழியர்களைக் கொன்றார். 2012இல் ஹூஸ்டன் நகராட்சி 'ஓடு, ஒளி, எதிர்த்து நில்' என்ற பொருளில் ஒரு பயிற்சிப் படமே எடுத்தது. அது துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும் நாட்டின் பாடம். அதை இங்கே விட்டுவிடுகிறேன். நம் ஊர் பங்க் பையனும் நர்ஸும் எதிர்பார்ப்பது முதல் இரண்டு வகை ஆட்களை.

முதல் ஆளை உலகம் நன்றாகப் படித்துவிட்டது. படித்த இடம் இரவு முழுக்கத் திறந்திருக்கும் அமெரிக்கப் பெட்டிக்கடைகள். 1970களில் செவன் இலெவன் கடைகளை நடத்திய நிறுவனம், கொள்ளையடித்துச் சிறை போய் வந்தவர்களையே கூப்பிட்டு, "எங்கள் கடையை ஏன் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன் விட்டுவிடுவீர்கள்?" என்று கேட்டது. கேமரா, போலீஸ் பற்றியெல்லாம் அவர்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு சுலபமாக வெளியேறலாம், யார் பார்ப்பார்கள் என்பதே அவர்கள் கணக்கு. கல்லாவில் பணத்தைக் குறை, சன்னல் கண்ணாடியை மறைக்கும் போஸ்டர்களைக் கிழி, கல்லாவைத் தெருவிலிருந்து தெரியும்படி நகர்த்து என்ற இரவுக்கடைப் பாடங்கள் அந்தப் பேச்சில் பிறந்தவை.

இதைச் சட்டமாக்கிப் பார்த்த ஊர் பிளோரிடாவில் உள்ள கெய்ன்ஸ்வில். பல்கலைக்கழக ஊர். 1981க்கும் 1986க்கும் இடையில் அங்கிருந்த 47 இரவுக்கடைகளில் 45 ஒருமுறையாவது கொள்ளை போயிருந்தன. அதே ஊரில் பெட்ரோல் பங்குகளும் விடுதிகளும் அந்த அளவுக்கு அடிபடவில்லை. அப்படியானால் ஊரைச் சொல்லிக் குற்றமில்லை, கடையின் அமைப்பில்தான் ஏதோ இருக்கிறது என்று நகரக் காவல்துறை யோசித்தது. 1986இல் நகரசபை ஓர் ஆணை போட்டது. கையருகே 50 டாலருக்கு மேல் வைக்கக் கூடாது, மீதி உண்டியல் பெட்டிக்குள் போக வேண்டும், அதை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும், வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கு எரிய வேண்டும், கேமரா வேண்டும், ஊழியருக்குப் பயிற்சி வேண்டும். மறு ஆண்டு இன்னொன்று சேர்ந்தது: இரவு 8 மணி முதல் விடிகாலை 4 மணி வரை கடையில் இரண்டு பேர் இருக்க வேண்டும்.

அதுவரை பொறுத்துக்கொண்ட கடைச் சங்கிலிகள் இந்தக் கடைசி விதியில்தான் எகிறின. போஸ்டரைக் கிழிக்கச் செலவில்லை. இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வழக்குப் போட்டார்கள், ஆணை நிலைத்தது. கொள்ளைகள் சடசடவென்று குறைந்தன. இரண்டு பேர் விதியால்தான் குறைந்தது என்று காவல்துறையும், வழக்கமாகக் கொள்ளையடித்து வந்த சிலர் அதே சமயம் பிடிபட்டதால்தான் குறைந்தது என்று வணிகர் தரப்பும் மாறி மாறி ஆய்வுகளைக் காட்டின. யார் சொன்னது சரி என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். ஆனால் 1990களின் தொடக்கத்தில் பிளோரிடா மாநிலம் முழுவதற்கும் இரவுக்கடைப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதன் எலும்புக்கூடு கெய்ன்ஸ்வில்லிலிருந்துதான் வந்தது.

கவனித்தால், இந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் வருகிறவனின் கணக்கில் ஓர் எண்ணைக் குழப்புகின்றன. உண்டியல் பெட்டி வரவைக் குறைக்கிறது. வெளிச்சம் சாட்சியைக் கூட்டுகிறது. இரண்டாவது ஆள் எல்லாவற்றையும் கெடுக்கிறான். மீறி வந்துவிட்டால் ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு நாடக ஒத்திகை உண்டு. உலகம் முழுக்க ஏறக்குறைய அதே வசனம்தான். கேட்டதைக் கொடு. கையை அசைக்கும் முன் வாயால் சொல்: "டிராயரைத் திறக்கிறேன்." முறைத்துப் பார்க்காதே, வீரம் காட்டாதே, பின்னால் ஓடாதே. அவன் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டுப் போன் செய். சில கடைகளில் வாசல் நிலையில் உயரம் குறித்த நாடா ஒட்டியிருக்கும். வெளியேறுகிறவன் எத்தனை அடி என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். மொத்தச் சம்பவமும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுவது. பேசப் பேச ஆபத்து என்பதால் கல்லாவில் இருப்பவருக்குக் கற்றுத்தரப்படுவது மௌனம்.

நம் பக்கத்தில் இந்தப் பாடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த பங்கில் உண்டியல் இருந்தது. அடுத்த பங்கில் இருக்குமா என்பது முதலாளியின் மனசு. 2003 நவம்பர் முதல் மதுக் கடைகளை அரசே நடத்துகிறது. இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு அன்றைய விற்பனைப் பணத்தோடு இருட்டில் கிளம்பிய டாஸ்மாக் மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் வழிமறித்து வெட்டப்பட்ட செய்திகள் மாவட்டப் பக்கங்களில் எத்தனை முறை வந்திருக்கின்றன! பணம் எங்கே, எப்போது, யார் கையில் போகிறது என்று ஊருக்கே தெரிந்திருப்பதைவிட மோசமான ஏற்பாடு வேறில்லை. இடையில் யாரும் எதிர்பாராத ஓர் உதவியும் வந்தது. கல்லாவருகே தொங்கும் க்யூ.ஆர். கோடு அட்டை. பணத்தைத் தொடாமல் கணக்குக்கு அனுப்பும் வழியாகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் காசாளரின் உயிருக்கு அது எவ்வளவு காவல் என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

இனி எதிர்ப்பக்கம்.

கேஷுவால்டிக்கு வருகிறவன் கணக்குப் போட்டு வருவதில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அரைமணி நேரம் முன்பு வரை அவனும் அந்த மருத்துவரும் ஒரே பக்கம். அவனிடம் முகமூடி கிடையாது, ஓ.பி. சீட்டில் பெயர், ஊர், வயது எல்லாம் அவனே சொல்லி எழுதியிருக்கிறது. எந்த வழியாக வெளியேறுவது என்ற யோசனையே அவனுக்கு எழாது. முதல் ஆளைத் தடுக்க நாம் குழப்பிய எண்கள் ஒன்றுகூட இவன் மனதில் இல்லை.

2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவர் கர்ப்பிணி மனைவியைச் சிகிச்சையில் பறிகொடுத்தவர். 2023 மே 10 விடிகாலையில் கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குக் காயத்துக்குக் கட்டுப் போடப் போலீசார் ஒருவரை அழைத்து வந்தார்கள். கட்டுப் போடும்போது அவர் அங்கிருந்த அறுவைக் கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் குத்தினார். போலீசாரும் அடிபட்டார்கள். ஓடித் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்ட இளம் ஹவுஸ் சர்ஜன் இறந்துபோனார். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற தாயின் மகன், மருத்துவரை அவர் அறையிலேயே கத்தியால் குத்தினார். தாய்க்குத் தவறான சிகிச்சை நடந்தது என்பது அவர் நம்பிக்கை. மருத்துவர் உயிர் பிழைத்தார்.

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நாம் என்ன செய்தோம்? தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை என்று 2008லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஜாமீனில் வர முடியாத குற்றம். கொட்டாரக்கரைக்குப் பிறகு கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி, கொடுங்காயத்துக்கு 7 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்தது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16 அன்று, தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் பதிவுசெய்ய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார இயக்ககம் அறிவுறுத்தியது. இவையெல்லாம் வேண்டும்தான். அடிபட்டவரே ஸ்டேஷன் வாசலில் நின்று புகார் எழுத வேண்டிய அவலத்தையாவது அந்த 6 மணி நேர விதி மாற்றும். ஆனால் எல்லாமே நடந்த பிறகு பேசுபவை. பத்து ஆண்டு சிறை என்ற சொல், எண்ணிப் பார்க்கிற மனதை மட்டுமே தொடும். இறந்த குழந்தையைக் கையில் வைத்திருப்பவன் சட்டப் பிரிவை எண்ணிக்கொண்டிருப்பானா?

அடுத்தபடியாக நாம் வாங்குவது உலோகத்தை மோப்பம் பிடிக்கும் கதவுச் சட்டமும் கேமராவும். இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதவு கிண்டியில் உதவியிருக்கலாம். அங்கே கத்தி வெளியிலிருந்து வந்தது. கொட்டாரக்கரையில் உதவியிருக்க வழியில்லை. ஆயுதம் உள்ளே, மருத்துவமனையின் சொந்த ட்ரேயில் இருந்தது. இரண்டாம் வகை ஆள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறான். கைக்கு அகப்பட்டதை எடுக்கிறான். நாற்காலி, குளுக்கோஸ் ஸ்டாண்ட், கண்ணாடி, கத்தரிக்கோல். அந்த நர்ஸ் இழுப்பறையை மூடியது எந்தக் கதவுச் சட்டத்துக்கும் தெரியாத வித்தை.

கண்ணாடித் தடுப்பு என்ற யோசனையும் அப்படித்தான். இரவுக்கடையில் அது அருமையாக வேலை செய்யும். பணம் ஒரு பிளவு வழியே போகும், சிகரெட் பாக்கெட் இன்னொரு பிளவு வழியே வரும். நாடி பிடிக்கிற கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே கண்ணாடி வைக்க முடியுமா? தொட வேண்டிய தொழிலில் தூரம் ஒரு கவசமாகாது. கடைக்காரருக்குக் கவசமாக இருப்பவை பெரும்பாலும் மருத்துவருக்குக் கிடைக்காது.

அவருக்குக் கிடைக்கிற ஒன்று கடைக்காரருக்குக் கிடையாது. நேரம். கொள்ளை ஒரு நிமிட வேலை. மருத்துவமனைக் கோபம் மணிக்கணக்கில் ஊறுகிறது. நார்வேயின் புரோசெட் மனநல மருத்துவமனையில் நோயாளியின் ஆறு அறிகுறிகளை மட்டும் வைத்து அடுத்த ஒரு நாளுக்குள் வன்முறை வருமா என்று கணிக்கும் ஒரு சிறு பட்டியலை உருவாக்கினார்கள். குழப்பம், எரிச்சல், இரைச்சல், வாயால் மிரட்டல், உடலால் மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம், கூட்டினால் எச்சரிக்கை. மனநல வார்டுகளுக்காகச் செய்ததுதான். ஆனால் நம் வார்டுகளில் இருபது வருடம் தேய்ந்த ஒரு நர்ஸிடமோ தூய்மைப் பணியாளரிடமோ கேட்டுப் பாருங்கள். "அந்தச் செவப்புச் சட்டைக்காரர் மூணு தடவை வெளிய போயிட்டு வந்துட்டாரு, கதவை இப்பத்தான் எட்டி ஒதைச்சாரு" என்பார்கள். பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. அதை டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அவர் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் இல்லை.

நேரம் இருப்பதால் செய்யக்கூடிய வேலைகளில் மிகப் பெரியது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பது. புற்றுநோய் மருத்துவர்கள் சிலர் 2000இல் இதற்கு 'ஸ்பைக்ஸ்' என்று ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை எழுதினார்கள். நோயாளிக்குச் சொல்வதற்காக எழுதியது, உறவினருக்கும் பொருந்துகிறது. முதல் படியே இடம். ஒதுக்கமான ஓர் இடத்தில் உட்கார்ந்து, உட்காரவைத்துச் சொல்லுங்கள் என்பது. அடுத்தது, அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்பது. செய்தி வருவது அதற்கப்புறம்தான். நம் கேஷுவால்டிகளில் மரணம் அறிவிக்கப்படுவது வராந்தாவில், நின்றபடி, பதினைந்து பேர் நடுவில், அடுத்த ஆம்புலன்ஸ் சைரனுக்கு இடையில். பெரும்பாலும் இருபத்து மூன்று வயது ஹவுஸ் சர்ஜனின் வாயால். அந்தப் பிள்ளைக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர்கள் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. கல்லாவில் மௌனம் காக்கும் என்றால், கட்டிலருகே பேச்சுதான் காக்கும். அதுவும் செத்த பிறகு பேசும் பேச்சால் பயனில்லை. இரவு பத்து மணிக்குப் போகிற போக்கில் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு உடலைக் காட்டினால், முதலில் சொன்னது பொய்யா, நடுவில் நடந்தது கொலையா என்றுதான் அவன் கேட்பான்.

அந்த நர்ஸ் இதை எப்படிச் செய்தார் என்று பார்த்தேன். உறவினர் கூட்டம் வாசலில் திமிறிக்கொண்டிருந்தது. "உங்கள்ல பேசறவங்க யாருங்க?" என்றார். கூட்டம் ஒரு கணம் தனக்குள்ளேயே திரும்பிப் பார்த்தது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவரை முன்னால் தள்ளினார்கள். "ஐயா, நீங்களும் அவரு தம்பியும் மட்டும் வாங்க. மத்தவங்களுக்கு ஐயா வந்து சொல்வாரு." உள்ளே ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெரியவரை உட்காரவைத்தார். அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார். தலையில்லாத கூட்டத்துக்கு ஒரு தலையைக் கண்டுபிடித்துக் கொடுத்த வேலை அது. எந்தப் பயிற்சி ஏட்டிலும் இதை இப்படிப் படித்ததில்லை. நம் ஊர்க் குடும்பங்களில் யார் பேச்சுக்கு யார் அடங்குவார்கள் என்று தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடியது.

அறை அமைப்பைப் பற்றி இரண்டு வரி. மருத்துவர் நாற்காலி உட்சுவரோரம், மேசை நடுவில், அதற்கப்பால் நோயாளி, அதற்கும் அப்பால் ஒரே கதவு. பெரும்பாலான ஓ.பி. அறைகள் இப்படித்தான். ஆபத்து வந்தால் ஆபத்தைத் தாண்டித்தான் ஓட வேண்டும். மேசையைத் திருப்பிப் போட ஒரு மத்தியானம் போதும். தீ விபத்துக்காக இரண்டு வழி கேட்கிற நாம், இதற்குக் கேட்பதில்லை.

இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. நூலிழையில் தப்பியதை யாரும் எழுதிவைப்பதில்லை. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான முதலாளிகள் பணியிட வன்முறைத் தடுப்புத் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். மிரட்டல் உட்பட ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு பதிவேட்டில் குறிக்க வேண்டும், ஊழியருக்கு ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும். 2021 மே மாதம் சான் ஹொசே ரயில் பணிமனையில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு எழுந்த சட்டம் அது. இங்கே ஒரு நர்ஸிடம் பதிவேடு பற்றிக் கேட்டேன். சிரித்தார். "திட்டறதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா நோட்டு பத்தாது சார்." பங்க் பையனும், போன மாதம் இரண்டு பேர் பைக்கில் வந்து பையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனதைச் சொன்னான். மேனேஜரிடம் சொன்னாயா என்றேன். "பணம் போகலையேண்ணே" என்றான். பணம் போனால்தான் சம்பவம், ரத்தம் வந்தால்தான் தாக்குதல். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் வேலையின் ஒரு பகுதி என்று இருவரும் விழுங்கிக்கொள்கிறார்கள். அடுத்த தடவை வருகிறவனின் முகவரி அந்த விழுங்கிய கணக்கில்தான் இருக்கும்.

கெய்ன்ஸ்வில்லின் எல்லா விதிகளிலும் மருத்துவமனைக்கு அப்படியே பொருந்துவது ஒன்றே ஒன்று என்று நினைக்கிறேன். கடை முதலாளிகள் கடைசி வரை எதிர்த்தார்களே, அந்த இரண்டு பேர் விதி. கடையில் இரண்டாவது ஆள் சாட்சி. வார்டில் அவர் அதைவிடக் கூடுதல்: ஒருவர் நோயாளியைப் பார்க்க இன்னொருவர் உறவினரிடம் பேசலாம். கதவுச் சட்டத்தையும் கேமராவையும் ஒரே டெண்டரில் வாங்கி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துவிடலாம். இரவுப் பணிக்கு இன்னொரு நர்ஸ் என்பது மாதாமாதம் சம்பளப் பட்டியலில் வரும் செலவு. கெய்ன்ஸ்வில்லில் எங்கே இடித்ததோ அங்கேதான் இங்கேயும் இடிக்கிறது.

அப்பாவோடு இருந்த ஏழாவது இரவு. ஒரு மணி தாண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் அன்று டியூட்டியில் அந்த நர்ஸ் ஒருவர்தான். உதவிக்கு இருந்த பெண் லேபுக்குப் போயிருந்தார். செக்யூரிட்டி பிரதான கேட்டில். கேஷுவால்டி வாசலில் குடித்திருந்த இரண்டு இளைஞர்கள், உள்ளே கிடந்த நண்பனைப் பார்க்க வேண்டும் என்று குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் டீ வாங்கப் பிளாஸ்க்கோடு கிளம்பினேன். நர்ஸ் என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, அவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"சார், டீ அப்புறம் வாங்கிக்கலாம். கொஞ்ச நேரம் இந்தக் கதவோரமா நில்லுங்க. ஒண்ணும் பேச வேணாம். சும்மா நின்னா போதும்."

நின்றேன். அவர் இழுப்பறையை மூடிவிட்டு வாசலுக்குப் போனார்.